சங்கிலி நீளுமா?



திருவதிகையில் முப்புரம் எரிந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்காகப் புறப்பட்ட தேருக்கு மண்ணுலகமே தட்டு. ஞாயிறும் திங்களும் சக்கரங்கள். அத்தகைய தேருக்கும் வழியில் அச்சு முறிந்தது என்றும், முறிந்த இடமே அச்சிறுபாக்கம் என்றும் புராணம் கூறும். தேவர்கள் கூடிச் செய்த வண்டிக்கே அந்தக் கதி என்றால், நாம் கடையில் வாங்கிய மிதிவண்டியைப் பற்றிக் கேட்பானேன்? இன்று அந்த மிதிவண்டியின் மூன்று உறுப்புகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சங்கிலி ஒன்று, பெடலோடு சுழலும் முன் பற்சக்கரம் ஒன்று, பின்சக்கரத்திலுள்ள பிரீவீல் ஒன்று. இவை தேய்ந்தால் எதை எதோடு மாற்றுவது என்பதே பொருள். சிறு பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இதை அறியாமல் நான் ஒரு மாணவனுக்குத் தீங்கு செய்திருக்கிறேன்.

2011ஆம் ஆண்டின் தொடக்கம். பத்தாம் வகுப்பில் ஒரு பையன், கெடிலத்துக்கு அக்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மிதிவண்டியில் வருவான். அவன் தமக்கை பதினோராம் வகுப்புப் படித்தபோது அரசு தந்த இலவச மிதிவண்டி அது. பள்ளிக்கு வருவதோடு அதன் வேலை முடியவில்லை. பலாப்பழப் பருவத்தில் பண்ணுருட்டிச் சந்தைக்குப் பழம் சுமந்ததும் அதுதான். சங்கிலி தொய்ந்து அடிக்கடி கழன்றது. நான் அவனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும், சார்” என்றார். கூலியைக் கூட்டுவதற்காகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். “சங்கிலியை மட்டும் மாற்றுங்கள், போதும்” என்று தலைமையாசிரியர் குரலில் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பணத்தை நான்தான் கொடுத்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

மறுநாள் மாலை பாலத்தின் ஏற்றத்தில் அவன் எழுந்து நின்று மிதித்தான். புதுச் சங்கிலி பற்களின் மேல் ஏறி நழுவியது. கால் வெறுமனே கீழே போயிற்று. பையன் சாலையில் விழுந்தான். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அரசுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அவன் விடைகளை வாயால் சொல்ல, வேறொருவர் எழுதினார். கணக்கில் தேர்ந்த பையன் அவன். ஆனால் வடிவியற் படத்தைச் சொல்லி வரையவைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கு ஆசிரியனான நான் அறிவேன்.

பழைய சங்கிலியில் சரியாக ஓடிய வண்டி, புதியதில் ஏன் நழுவவேண்டும்? அன்றிரவு பழைய சங்கிலியை மேசைமேல் நீட்டி, எஃகு அடிக்கோலை வைத்து அளந்தேன். மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவுக்கு அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். என்னிடமிருந்த சங்கிலியில் அவை 12 அங்குலத்தையும் தாண்டி, மேலும் 1/8 அங்குலம் போயிருந்தன.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அதைச் சூழ்ந்த குழலும் ஒன்றையொன்று உராய்ந்து தேய்கின்றன. ஓரிடத்தில் ஒரு தலைமயிரின் கனம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 24 இடத்தில் தேய்ந்தால் கோலுக்குத் தெரியும். இவ்வாறு இடைவெளி கூடிய சங்கிலி, பற்களின் அடியில் அமராமல் சற்று மேலேறி உராய்கிறது. பற்களும் நாளடைவில் அதற்கேற்பக் கொக்கிபோல் வளைந்து தேய்கின்றன. கெட்டதும் கெட்டதும் கூடி ஒத்துப்போகின்றன! அந்தப் பற்களில் அரை அங்குல இடைவெளியுள்ள புதுச் சங்கிலியைப் பூட்டினால், பல பற்கள் பகிர்ந்து தாங்கவேண்டிய பளுவை ஒரே பல் தாங்குகிறது. அழுத்தி மிதித்தவுடன் சங்கிலி அந்தப் பல்லைத் தாண்டிவிடுகிறது. கடைக்காரர் சொன்னது முழு உண்மை. மறுவாரம் சென்று அவரிடம் அதைச் சொன்னேன்.

எனவே கணக்கு இது: 12 அங்குலத்துக்கு மேல் 1/16 ஆனவுடன் சங்கிலியை மாற்றினால் பெரும்பாலும் பற்சக்கரங்கள் தப்பும். 1/8 வரை விட்டுவிட்டால் பிரீவீலையும் மாற்றத்தான் வேண்டும். முன் பற்சக்கரத்தில் பற்கள் மிகுதி. தேய்வு பலவற்றிற்குப் பங்கிடப்படுவதால் அது நெடுநாள் வரும். அதன் பற்களும் கொக்கியாகியிருந்தால் அதையும் விடக்கூடாது.

இந்த உருளைச் சங்கிலியை 1880இல் மான்செஸ்டரில் அமைத்தவர் ஹான்ஸ் ரெனால்டு என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். இன்று கியர் வண்டியில் ஓடுவதும் அந்த மரபில் வந்ததுதான்.

கியர் வண்டி என்றவுடன் என் பேரன் நினைவுக்கு வருகிறான். சென்ற கோடையில் மலைமிதிவண்டி ஒன்றோடு வந்தான். 1970களில் கலிபோர்னியாவில், மலைச்சரிவுகளில் பழைய தடித்த டயர் வண்டிகளை உருட்டி விளையாடிய இளைஞர்களிடமிருந்து பிறந்த வண்டி அது. நம் பக்கத்தில் மலை ஏது? கடலூருக்குப் போனால் கேப்பர் மலை மேடு. இங்கே கெடிலத்துப் பாலம்! மலை இல்லாவிட்டாலும், சங்கிலியைத் தின்னும் செம்மண் புழுதிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பளபளப்பாக இருக்கட்டும் என்று சங்கிலியின் மேலெல்லாம் எண்ணெய் ஊற்றியிருந்தான். எண்ணெயும் மணலும் கலந்தால் அது சாணைபிடிக்கும் பசை. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சமையலறை எண்ணெய் உதவாது, பிசுக்கேறும்.

“ஏறும்போது நழுவுகிறது, தாத்தா” என்றான். நான் கோலை எடுத்தேன். 1/8க்குச் சற்றுக் குறைவு. பின்னாலுள்ள பற்சக்கரக் கொத்தாகிய கேசட்டில், அவன் எப்போதும் ஓட்டும் ஒரு சக்கரம் மட்டும் கொக்கியாகியிருந்தது, மற்றவை நலம். ஒன்றுக்காகக் கொத்தையே மாற்றவேண்டியிருந்தது. சங்கிலியை இழுத்துப்பிடிக்கும் இரு சிறு சக்கரங்களின் பற்களும் கருவேல முள்போல் கூர்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். முன் சக்கரங்களை அப்படியே விட்டோம். இவ்வகை வண்டிக்குப் பின்னால் எத்தனை சக்கரம் என்று சொல்லியே சங்கிலி வாங்கவேண்டும். எட்டுக்கு உரியதும் ஒன்பதுக்கு உரியதும் அகலத்தில் வேறு. புதியதை வெட்டும்போது பழையதன் பக்கத்தில் வைத்து நீளம் பார்க்கப் போனான். தடுத்தேன். பழையதுதான் நீண்டுவிட்டதே! கண்ணிகளை எண்ணச் சொன்னேன். இருமுறை எண்ணினான்.

மாலையில் பாலத்துக்குப் போனோம். முதலில் மெல்ல, பிறகு அழுத்தி, கடைசியில் எழுந்து நின்று மிதித்தான். நான் ஓரத்தில் நின்று அவன் முகத்தைப் பார்க்கவில்லை; சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேட்டைக் கடந்து அக்கரையில் இறங்கிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.