நான்கு மணி நேரமும் ஒரு தகடும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா நிகழ்ச்சிகளை டி.வி.டி. தகட்டில் பதிந்து, வீட்டுக்கு வீடு வழங்கும் பணியைச் சங்கம் எம்மிடம் ஒப்படைத்துள்ளது. நான்கு மணி நேர நிகழ்ச்சியையும் ஒரே தகட்டில் அடக்கிவிட்டால் செலவு குறையும் என்பது பலரது விருப்பம். அடக்க முடியும், ஆனால் அடக்கலாகாது என்பதே எமது கருத்து. காரணத்தைக் கூற இங்கு நிற்கின்றோம்.

கைபேசியும் பென் டிரைவும் மலிந்த இந்நாளில் தகடு எதற்கு என்று வினவுவாரும் உளர். தொலைக்காட்சிக்கு அடியில் பழைய டி.வி.டி. கருவியை வைத்து, அதிலேயே பார்த்துப் பழகிய பெரியவர்கள் நம் காலனியில் பலர் உள்ளனர். அவர்களுக்காகவே இம்முயற்சி.

சாதாரணத் தகடு ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜி.பி.; அதாவது 470 கோடி பைட்டு. கணிப்பொறி இதனையே வேறு கணக்கில் 4.37 என்று காட்டும். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். ஆகவே நம் கையிருப்பு 3,760 கோடி பிட்டு. இது மாதச் சம்பளம் போன்றது. முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் வயிறார உண்ணலாம். அறுபது நாளுக்கு நீட்டினால் அரை வயிறுதான்.

இரண்டு மணி நேரம் என்பது 7,200 விநாடி. வகுத்துப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 52 லட்சம் பிட்டு கிடைக்கும். இதில் ஒலிக்கு ஏறத்தாழ 2 லட்சம் போகும். முகப்புப் பட்டியல் முதலியவற்றுக்கு இன்னுமொரு 2 லட்சம் ஒதுக்கினால், படத்துக்கு 48 லட்சம் எஞ்சும். இது போதுமானது. நான்கு மணி நேரமாயின் படத்துக்கு எஞ்சுவது 23 லட்சமே. ஒரு மணி நேரம் மட்டுமே பதிவதாயினும் கை தாராளமாக நீளக்கூடாது. விதிப்படி படத்துக்கு உச்ச வரம்பு 98 லட்சம். வீட்டில் பதியும் தகட்டுக்கு 80 லட்சத்தைத் தாண்டாதிருப்பது நன்று. தாண்டினால் பழைய கருவிகள் திக்கித் திணறும்.

நிற்க. பிட்டுகள் குறைந்தால் படத்துக்கு என்ன நேரும்? இந்தியாவில் வழங்கும் தகட்டில் விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. அத்தனையையும் முழுதாக எழுத இடமில்லை. ஆதலின் எம்பெக்-2 என்னும் முறை ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்த சில படங்களில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்ளும். ஒருவர் நின்று பேசுகையில் மாறுவது உதடு மட்டுமே, செலவு சிறிது. நம் பெண்கள் பரதம் ஆடுகையிலோ கை, கால், பட்டுப்புடைவையின் மடிப்பு, சரிகையின் மினுக்கு எல்லாமே மாறும். அவ்வேளையில் பிட்டு பற்றாக்குறை நேர்ந்தால், முகம் சதுரம் சதுரமாகச் சிதறிவிடும்.

இதற்குத் துணையாக 'டூ பாஸ் வி.பி.ஆர்.' என்றொரு வழி உண்டு. முதல் சுற்றில் கணிப்பொறி படம் முழுவதையும் பார்த்து, எங்கே தேவை மிகுதி என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் உரைகளில் மிச்சம் பிடித்து நடனத்துக்கு வழங்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆயினும் இதையே தெரிவு செய்ய வேண்டும். பழைய வி.எச்.எஸ். நாடாவிலிருந்து எடுப்பதாயின், 352க்கு 576 என்ற சிறிய அளவே போதும். அந்நாடாவில் அதற்குமேல் நுணுக்கம் இல்லை.

இவ்வளவும் யாம் கற்றது ஒரு தவற்றினால். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு மணி நேர விழா ஒன்றை ஒரே தகட்டில் திணித்தோம். மூல நாடா வீணாகக் கிடக்கிறதே என்று அதன்மேலேயே மறு ஆண்டு விழாவையும் பதிந்தோம். அவ்விழாவில் ஆர்மோனியம் வாசித்துப் பாடிய பெரியவர் பின்னர் மறைந்தார். அவர் மகன் வந்து, "அப்பா பாடியதைப் பார்க்க வேண்டும்" என்றார். தகட்டைப் போட்டோம். குரல் தெளிவாக இருந்தது. முகமோ கட்டம் கட்டமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே அமர்ந்திருந்தார். அவருக்குக் காட்ட வேறு பிரதி இல்லை. அக்குற்றம் எம்முடையதே.

மூலத்தின் அருமையை உணர நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் புனே நகரிலேயே 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. 2022இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. பி. கே. நாயர் அவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் அங்கே படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அங்ஙனம் சேர்த்தவற்றிலும் பல நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தன. காப்பகத்துக்கே இந்நிலை எனின், நம் அலமாரி எம்மாத்திரம்?

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு தகடுகளாக வழங்குவோம். செலவு கூடாது எனின், வரவேற்புரை, நன்றியுரைகளைச் சுருக்குவோம். எமது இவ்வுரையை முதலில் நீக்கலாம். மூலப் பதிவை மட்டும் ஒருபோதும் அழிக்காமல், இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இரு வேறு வீடுகளில் வைப்போம்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? தகடு தேய்ந்தால் வேறு தகடு எழுதலாம். மூலம் போனால் முகம் போயிற்று. அடுத்து நம்மிடம் வந்து கேட்கப்போகும் பிள்ளைக்காவது தெளிந்த முகத்தைக் காட்டுவோமாக.