முதற்சொல் தந்த முதல்வன்



திண்டிவனம் திந்திரிணீசுவரப் பெருமான் சந்நிதியில் நிற்கும் அடியேன், தொலைவிலுள்ள தலம் எதனையும் இன்று நாடப் போவதில்லை. விழுப்புரத்திற்குத் தென்மேற்கே, பெண்ணையாறு பாயும் நடுநாட்டில், திருவெண்ணெய்நல்லூர் உளது. அங்கே ஓர் இளைஞருடைய தயக்கம் தீர்ந்த வரலாற்றையே சொல்ல விழைகின்றேன்.

வீட்டில் கணீரெனத் திருமுறை ஓதும் ஆடவர், சபையில் ஓதச் சொன்னால் தூணுக்குப் பின்னே ஒதுங்குகின்றார். அவரே நெருக்கடி வந்தால் சினத்தால் கைநீட்டுகின்றார். இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டவர் நம்பியாரூரர்.

திருநாவலூரில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் தோன்றி, நரசிங்கமுனையரையரால் அரண்மனையில் வளர்க்கப்பெற்றவர் அவர். புத்தூரில் மணப்பந்தல். முதிய வேதியர் ஒருவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்கின்றார். ஊரார் நகைக்கின்றனர். நம்பியோ, நீ பித்தனோ எனச் சீறி, ஓடிச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். மணக்கோலத்தில் இருந்தவர்க்கு வந்த நெருக்கடி அது, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கிழித்ததனால் வழக்குத் தீர்ந்ததா? மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் உளது என்கின்றார் முதியவர்.

அவருடைய நிதானத்தைப் பாருங்கள்! அவையோர் ஓலையைக் காட்டச் சொன்னபோது, இவன் வலிந்து பறியாதபடி காப்பீராயின் காட்டுவேன் என்றாராம். முன்னர்ப் பட்ட அனுபவம்! பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்புநோக்கி, ஓலை மெய்யே என அவையோர் முடிவு கூறினர். காலையில் கிழித்த அதே கை இப்போது கூப்பியது. இசையேன் என்றால் இசையுமோ என்று அடங்கினார் நம்பி. அடக்கம் என்பது தோற்றவன் கொள்ளும் சோர்வு அன்று. மெய்யெனக் கண்டதை மறுக்காமை.

முதியவர் திருவருட்டுறைக்குள் புகுந்து மறைந்தார். இறைவனே அவர் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நம்மைப் பாடுக என்று ஆணை. ஈண்டுதான் தயக்கம்! என்னறிவுக்கு எட்டாத குணக்கடலை எதைச் சொல்லிப் பாடுவேன் என உருகினார் நம்பி. இறைவன் இலக்கணம் கற்றுவா என்றானா? இல்லை. முன்பு பித்தன் என்றாயே, அதனையே முதலாகக் கொள் என்றான். வாய்தவறி வந்த வசைச்சொல்லே இந்தளப் பண்ணில் பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. ஏழாந் திருமுறையும் அங்கிருந்தே தொடங்குகின்றது.

அடியேன் முதன்முதலாக மேடையேறியபோது மனப்பாடம் செய்தது முழுதும் மறந்துபோயிற்று. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், உம் ஊர்ச் சிவனைப் பற்றிச் சொல்லும் ஐயா என்றார். ஊர்ப்பெயரைச் சொன்னேன், பின்னர்ப் பேச்சு வந்தது.

இதே நடுநாட்டில் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரை நினையுங்கள். அடியார் வேடத்தில் வந்த முத்தநாதன் ஓலைச்சுவடி என்று சொல்லிக் கத்தியால் குத்தினான். வாளெடுத்த தத்தனை, இவர் நம்மவர் எனத் தடுத்து, ஊறின்றி எல்லை கடத்திவிடச் செய்தார். அவன் நலமே சென்றான் என்ற சொல்லைக் கேட்கும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். அந்நிலை நமக்கு எளிதன்று. நம்பியின் தயக்கம் நமக்கு நெருங்கியது.

திருவெண்ணெய்நல்லூரில் அவ்வழக்கு நிகழ்ந்த மண்டபம் என ஒன்றை இன்றும் காட்டுகின்றனர். விழா முடிந்தபின் இளைஞர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கே அமர்ந்து, தெரிந்த பதிகம் ஒன்றை, குரல் நடுங்கினாலும், அவர்களையே ஓதச் சொல்லுங்கள்.