பத்து சென்ட் மல்லிகை

(ஆனைக்குட்டத்தில் நடந்த கூட்டத்தில் மல்லிகை பயிரிடும் குழு உறுப்பினர்கள் பேசியது)

நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து பத்து சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து குண்டுமல்லி போட்டிருக்கோம். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம பக்கம் பொம்பளைக்கு வேலைன்னா ஒண்ணு தீப்பெட்டி, இல்லைன்னா பட்டாசு. எங்களில் மூணு பேர் பட்டாசு ஆலைக்குப் போனவங்க. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததையும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்ததையும் இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு ஆலைகள் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வாரக் கூலி நின்னுபோச்சு, சங்கத் தவணை கட்டக்கூட வழியில்லை. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ஆலையை அடியோடு விட்டுட்டோம்னு பொய் சொல்ல மாட்டோம். ரெண்டு பேர் இன்னும் போறாங்க. விடியுமுன்னே பூப் பறிச்சுட்டு வேன் ஏறுறாங்க.

சரி, செடிக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அதில் நம்ம விருதுநகர் மாவட்டமும் சேர்த்தி. ஆனா பதியன் நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்துதான் வருது. ஆனியில் இருந்து கார்த்திகைக்குள் நட்டுவிட வேண்டும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் குழி. குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம். செடிக்குச் செடி நாலடி விட்டால் பத்து சென்ட்டுக்கு 270 செடி வரும்.

இங்கேதான் நாங்க கோட்டை விட்டோம். நிலத்தில் பாதி செம்மண், பாதி கரிசல். கரிசல் பக்கம் பள்ளம் வேறு. மேடு கட்டாம அப்படியே நட்டோம். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தண்ணி நின்னது. தொண்ணூறு செடி வேர் அழுகிப் போச்சு. தண்ணி இல்லைன்னு அழுகிற ஊரில் தண்ணி நின்னு செடி செத்ததை யாரிடம் சொல்ல? மறு வருஷம் உள்கடன் வாங்கி, செம்மண்ணும் மணலும் அடிச்சு மேட்டுப்பாத்தி போட்டு மறுபடி நட்டோம். கரிசல் காடு வச்சிருக்கிறவங்க முதலில் வடிகால் வெட்டுங்க, அப்புறம் நாற்று வாங்குங்க.

கவாத்துதான் முக்கியம். கார்த்திகை பிறந்ததும், நவம்பர் கடைசியில், தரையில் இருந்து ஒன்றரை அடி விட்டுச் செடியை வெட்டணும். பச்சைச் செடியை வெட்ட எங்களுக்கும் மனசு வரலை. ஒரு வரிசையை வெட்டாம விட்டுப் பார்த்தோம், அதில் இலைதான் மண்டுச்சு. செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு யூரியா 130 கிராம், சூப்பர் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். கவாத்து முடிஞ்சதும் பாதி, ஆனி ஆடியில் பாதி. இலை மஞ்சளா வெளுத்தால் ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு கிராம் இரும்பு சல்பேட் கலந்து மாசத்துக்கு ஒரு தடவை தெளிக்கலாம்.

மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்தால் ஈயோ புழுவோ விழுந்திருக்கு. அந்த மொட்டை உதிர விடாமல் பறிச்சு எரிச்சுடுங்க. செடி அடி மண்ணைக் கிளறி விடுங்க, கூட்டுப்புழு வெயிலில் சாகும். வேப்பெண்ணெய் தெளிக்கலாம். கடைக்காரர் கொடுக்கிற மருந்தையெல்லாம் வாரா வாரம் அடிக்காதீங்க. அந்தப் பூவை நம்ம பிள்ளைதான் தலையில் வைக்குது.

விற்பனைதான் எங்களுக்குப் பெரிய பாடம். முதல் வருஷம் ஒரு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினோம். அவர் போட்டதுதான் எடை, சொன்னதுதான் விலை. முன்பணத்தை அடைக்க ஒரு கோடை முழுக்க ஆச்சு. சித்திரை வைகாசியில் பூ கொட்டும், விலை படுத்துவிடும். மார்கழி, தையில் விலை ஏறும், அப்போ செடியில் பூ இருக்காது. அதனால் விலை படுக்கும்போது உதிரிப்பூவாக் கொடுக்காம, வாழைநாரில் கட்டி முழப்பூவா விற்கிறோம். மொட்டு விரியாமல் இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறிச்சாத்தான் சாயந்தரம் வரைக்கும் தாங்கும்.

முதல் வருஷத்தில் பெரிய வருமானம் எதிர்பார்க்காதீங்க. மூணாம் வருஷம்தான் செடி நிமிரும். நல்லாப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் பூக்கும். குத்தகை பேசும்போது இதை மறக்காதீங்க. எங்க நிலத்துக்காரரிடம் நாங்க மூணு வருஷத்துக்குத்தான் எழுதி வாங்கியிருந்தோம். செடி நிமிர்ந்த நேரத்தில் நிலத்தைத் திருப்பிக் கேட்டார். பெரியவங்களை வச்சுப் பேசி, குத்தகைப் பணத்தைக் கூட்டிக் கொடுத்து, இப்போ இன்னும் ஏழு வருஷத்துக்குப் பத்திரத்தில் எழுதியிருக்கோம்.

கார்த்திகை முதல் ஞாயிறு எங்க தோட்டத்தில் கவாத்து. பார்க்க வர்றவங்க காலையில் ஆறு மணிக்கு வந்துடுங்க. கத்தரி எங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு, வீட்டில் இருந்தால் கொண்டு வாங்க.