சந்தைக்கு வழி எது?

 

 

ஜும்ஆ என்னும் பெயரையே தாங்கி நிற்கும் அத்தியாயத்தில் வல்ல அல்லாஹ் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து இடுகின்றான். பாங்கோசை கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தொழுகைக்கு விரைய வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேட வேண்டும். முதல் கட்டளையைப் பற்றி மிம்பர்களில் அடிக்கடி பேசுகின்றோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது குறைவு. எனவே இவ்வாரம் அதனைச் சிந்திப்போம்.

இன்று தொழில் தொடங்க விரும்பும் நம் இளைஞர் முதலில் தேடுவது கடைவீதியில் ஒரு கடையைத்தான். முன்பணம், வாடகை, கண்ணாடி அலமாரி, பெயர்ப்பலகை, திறப்பு விழா விருந்து என்று சரக்கு வாங்கும் முன்பே கைப்பணம் கரைந்துவிடுகிறது. மீதித் தேவைக்கு மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அல்லது வட்டிக் கடன் வருகிறது. சில மாதங்களில் கடை மூடப்படுகிறது. ஆனால் வட்டி மூடப்படுவதில்லை. அல்லாஹ் ஹராமாக்கிய ஒன்று வீட்டிற்குள் நுழைந்து, நிம்மதியை வெளியே தள்ளிவிட்டு அமர்ந்துகொள்கிறது.

அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாரம் ஒருமுறை சந்தை கூடுகிறது. ஒரு தார்ப்பாயும் தராசும் சிறிதளவு சரக்கும் இருந்தால் அங்கே வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம். அங்கு செல்லவிடாமல் நம்மைத் தடுப்பது எது? வெட்கம்! “சந்தையில் தரையில் உட்கார்ந்து விற்பவனுக்கா பெண் கொடுப்பது?” என்ற பேச்சு நம் வீடுகளில் இருக்கிறதா, இல்லையா? உள்ளத்தில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள்!

செல்வர் ஒருவரின் தொடக்கம்

மக்காவில் வியாபாரியாக இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுடன் அவரை நபி (ஸல்) அவர்கள் சகோதரராக இணைத்து வைத்தார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக பரக்கத் வேண்டித் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அங்கே சென்று வியாபாரம் செய்து, உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் மீதம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். தினந்தோறும் சென்றார்கள். சில காலத்திற்குள் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மஹர் கொடுத்து நிக்காஹ் முடித்தார்கள். பிற்காலத்தில் ஸஹாபாக்களில் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார்கள். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவருக்குச் சந்தை இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

நடைமுறை என்ன?

முதல் வாரம் சரக்கில்லாமல் சென்று பாருங்கள். எந்தப் பொருள் எவ்வளவு விலைக்கு, எந்த நேரத்தில் விற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு குணம் உண்டு. மேலப்பாளையத்தில் செவ்வாயன்று ஆட்டுச் சந்தை. போச்சம்பள்ளியில் ஞாயிறன்று பலசரக்குச் சந்தை. ஒன்றில் விலைபோகும் சரக்கு மற்றொன்றில் விலைபோகாது.

அடுத்து, ஒரே இடம், ஒரே பொருள், ஒரே தரம் என்று உறுதியாக நில்லுங்கள். இவ்வாரம் இருந்து அடுத்த வாரம் இல்லாத வியாபாரியை வாடிக்கையாளர் மறந்துவிடுவார். ஒரு சந்தையில் வாடிக்கை நிலைத்த பிறகே இரண்டாவது சந்தைக்குச் செல்ல வேண்டும். வாரத்தில் மூன்று ஊர்களில் முகம் அறியப்பட்டவரைத் தேடிக் கடைக்காரர்கள் மொத்தக் கொள்முதலுக்கு வருவார்கள். கடை போடுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

கணக்கு மிக முக்கியம். ஒரு சகோதரி 2,000 ரூபாய் முதலில் பலகாரம் செய்து தம் மகனிடம் சந்தைக்குக் கொடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் விற்றால் 2,600 ரூபாய். உடனே 600 ரூபாய் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. பேருந்துக் கட்டணம் 60, சந்தைச் சுங்கம் 40, பைகள் 100, விற்காமல் நமுத்துப்போனது 100 என்று கழித்தால் மிஞ்சுவது 300 ரூபாய்தான். அதில் 150 ரூபாயை வீட்டுச் செலவுக்கு எடுத்து, 150 ரூபாயை முதலோடு சேர்த்தால், 13 வாரங்களில் முதல் 3,950 ரூபாயாகிவிடும். வட்டியின்றி, யாரிடமும் கையேந்தாமல் முதல் இரட்டிப்பாகும் வழி இது. வீட்டுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே பையில் கிடந்தால் இது நடக்காது.

கடனுக்கு விற்றால் எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தராசும் நாவும்

அளவையில் மோசடி செய்வோரை எச்சரிப்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் அருளப்பட்டுள்ளது. இந்நாட்டின் சட்டமும் எடைக் கற்களுக்கு 24 மாதங்களுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறையும் சோதித்து முத்திரை பெற வேண்டும் என்கிறது. முத்திரையில்லாத தராசுடன் முஸ்லிம் வியாபாரி அமர்ந்திருப்பது அழகன்று.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். எனவே உடைந்த முறுக்கை அடியில் மறைக்காதீர்கள். தனியே குவித்து, குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரலாம், பரக்கத்தை அழித்துவிடும்.

உரிமையை அறிந்துகொள்ளுங்கள்

மதீனாவில் முஸ்லிம்களுக்கென நபி (ஸல்) அவர்கள் அமைத்த சந்தையில் வரி விதிக்கவில்லை என்றும், முந்தி வந்தவருக்கே இடம் என்ற முறை இருந்தது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஏழை வியாபாரிக்கு இடம் மறுக்கப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம். இன்று நம் நாட்டில் நகர்ப்புறங்களுக்குச் சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 உள்ளது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இடம்பெற வேண்டும். கணக்கெடுப்பில் பெயரைச் சேர்த்து விற்பனைச் சான்று பெறுங்கள். சுங்கம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் பதிவு விதிகளைக் கேட்டு நிறைவு செய்யுங்கள். சொந்தமாக விளைவிப்போருக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறக்கப்பட்டது. இடைத்தரகரின்றி விவசாயியே விற்பதற்கான இடம் அது.

ஜமாஅத்தின் பொறுப்பு

பத்தமடையில் நம் பெண்கள் நெய்யும் கோரைப்பாயின் புகழ் உலகெங்கும் பரவியுள்ளது. ஆனால் இதுபோன்ற கைத்தொழில்களில் விற்கும் விலையில் எத்தனை பங்கு செய்தவரின் கைக்கு வந்து சேர்கிறது என்று ஜமாஅத் கேட்டதுண்டா? ரமளானில் ஒரு விதவைத் தாய்க்கு 500 ரூபாய் கொடுத்து அனுப்புகிறோம். பெருநாள் முடிவதற்குள் அது தீர்ந்துவிடுகிறது. பைத்துல்மாலிலிருந்து அவருக்கு 2,000 ரூபாயை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்து, அவர் செய்யும் பொருளைச் சந்தையில் விற்றுத்தர நம்பிக்கையான ஓர் இளைஞரையும் பொறுப்பாக்கினால், சில ஆண்டுகளில் அவரே ஸகாத் கொடுப்பவராக மாறக்கூடும். கொடுத்த கடனும் திரும்பி வந்து இன்னொரு வீட்டில் அடுப்பெரிக்கும்.

பெண்ணைப் பெற்றவர்களே! மாப்பிள்ளை தேடும்போது கடையின் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். கடனில்லாத கையையும் பொய்யில்லாத நாவையும் பாருங்கள். சந்தையில் புழுதியில் அமர்ந்து ஹலாலாகச் சம்பாதிப்பவர், வட்டிக் கடனில் குளிர்சாதனக் கடை நடத்துபவரைவிடப் பல மடங்கு கண்ணியமானவர்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! வட்டியின் பிடியில் சிக்கியுள்ள சகோதரர்களை விடுவிப்பானாக! கொடுக்கும் கைகளாக நம் கைகளை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.