எச்சரிக்கை எம்மவரைச் சென்றடைய வேண்டும்

(பலெர்மோவில் ஆழிப்பேரலை நினைவு நாளில் ஆற்றிய உரை)



26.12.2004 காலை 7 மணியளவில் சுமத்ராவின் கடலடியில் நிலம் அதிர்ந்தது. பேரலை எமது தாயகத்தின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கிட்டவில்லை. இலங்கைத் தீவில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நாம் வாழும் சிசிலியும் பேரிடருக்கு விலக்கன்று. 2018 நவம்பரில் அருகிலுள்ள காஸ்தெல்தாச்சாவில் ஆறு பெருகி, ஒரே வீட்டில் 9 பேரைக் காவுகொண்டது. 15.07.2020 அன்று, நம்மவரும் வணங்கும் சாந்தா ரொசாலியாவின் திருநாளில், பலெர்மோவின் சுரங்கச் சாலைகள் பெருமழையில் மூழ்கின. வாகனங்களைக் கைவிட்டுப் பலர் நீந்தித் தப்பினர்.

இத்தாலியக் குடிசார் பாதுகாப்புத் துறை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்களால் ஆபத்தின் அளவை அறிவிக்கிறது. ஆயினும் அறிவித்தல் இத்தாலிய மொழியில் வருகிறது. அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது விளங்காவிடின், அவருக்கு எச்சரிக்கையே இல்லை என்பதுதான் பொருள்.

இளையோரே, இம்மொழி உங்களுக்கு வசப்பட்டுள்ளது. அறிவித்தல் வந்தவுடன் வீட்டில் தமிழில் எடுத்துரையுங்கள். சுரங்கச் சாலையையும் ஆற்றோரத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். தனித்து வாழும் முதியவர்களுக்கும் தொலைபேசியில் தெரிவியுங்கள். பெற்றோரே, 112 என்ற அவசர எண்ணை மனத்தில் இருத்தி, உங்கள் முகவரியை இத்தாலிய மொழியில் சொல்லப் பழகுங்கள்.

அன்று எம்மக்களுக்குச் செய்தி வரவில்லை. இன்று வரும் செய்தி எவர் வீட்டு வாசலிலும் நின்றுவிடாதிருப்பது நம் கையில் உள்ளது. அதுவே உயிர்நீத்த உறவுகளுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.