பொற்குடமும் பொன்னும்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டி லவ்டேலில் ஆற்றிய உரை)



நன்கு நடைபெறும் ஒரு நிறுவனத்தை அதன் தலைவர்கள் எப்போது மாற்ற வேண்டும்? நலிந்துபோனதை மாற்ற எவரும் உடன்படுவர். நற்பெயர் பெற்றதை மாற்றத் துணிபவர் சிலரே. இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியின் வரலாறே போதும்.

இலக்னோ முற்றுகையில் 1857-இல் உயிர்நீத்த சர் ஹென்றி லாரன்ஸின் பெயரைத் தாங்கி, 1858-இல் உதகையில் தொடங்கப்பட்டது அது. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், அவர்களுள் பெற்றோரை இழந்தவர்களுக்கும் அடைக்கலமாகவும் கல்விச்சாலையாகவும் விளங்கியது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஆங்கிலப் படைகள் புறப்பட்டன. கட்டடம் இருந்தது, விளையாட்டுத் திடல் இருந்தது, புகழும் இருந்தது. யாருக்காக அது எழுப்பப்பட்டதோ, அவர்கள் இல்லை.

மரியாதையோடு மூடிவிடுவது எளிது. எஞ்சிய சிலருக்காகப் பழைய முறையிலேயே ஓட்டுவதும் எளிது. இவ்விரண்டும் நிகழவில்லை. 1949-இல் பள்ளி பாதுகாப்புத் துறையிடமிருந்து கல்வி அமைச்சகத்தின் பொறுப்புக்கு மாறி, இந்தியப் பிள்ளைகளுக்கு உரியதாயிற்று.

உள்பொருள் ஒவ்வொன்றிலும் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே உண்டு என்பது நம் சமயக் கொள்கை. இதை விளக்க ஆசாரியர் சமந்தபத்திரர் காட்டிய உவமையை அறிவீர்கள். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் கலங்காதிருக்கிறான். தலைவனுக்கு வேண்டுவது இந்த மூன்றாமவனின் பார்வை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எளிய படைவீரரின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய அப்பள்ளி, இன்று கட்டணம் செலுத்திப் பயிலும் உறைவிடப் பள்ளி. உருக்கும்போது பொன்னும் சிறிது சிந்தக்கூடும் என்பதை மறக்கலாகாது. ஆகவே, எது பொன், எது குடம் என்பதை முதலில் தெளிய வேண்டும்.

நம் அறக்கட்டளைக்கு வருவோம். வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரத்து ஊர்களில் ஜினாலய மண்டபங்களில் நாம் நடத்தும் மாலை வகுப்புகளை எல்லோரும் பாராட்டுகின்றனர். நன்கொடை குறையவில்லை, கணக்கேட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கணக்கேடு காலம் தாழ்ந்தே பேசும். மண்டபத்தில் விரித்த பாயோ முன்னரே பேசிவிடும். அதில் அமர வேண்டிய பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வளர்கிறார்கள்.

அறநூற் கல்வி பொன். மாலை வகுப்பு குடம். பிள்ளைகள் வாழும் நகரங்களுக்கு அக்கல்வியைக் கொண்டு செல்வோம். ஊரில் ஒரே ஒரு பிள்ளை எஞ்சினும் அப்பிள்ளையைக் கைவிடாதிருப்போம். குடத்துக்காக வருந்தும் முதியோரின் சொல்லையும் பொறுமையோடு கேட்போம். அதுவே அநேகாந்தம் நமக்குக் கற்பித்த பண்பு. கையில் வலுவும் மக்களின் நம்பிக்கையும் உள்ளபோதே இதைச் செய்வோம்.

ஜினதருமம் ஓங்குக!