இதயத் தசையில் 25 எழுத்து



வாசகர் வட்டத்தில் மாரடைப்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பேசப்போவது அதன் பங்காளியைப் பற்றி. மாரடைப்பு என்றால் ரத்தக்குழாயில் அடைப்பு; சர்க்கரை, கொழுப்பு, சிகரெட் என்று காரணம் சொல்லிவிடுவோம். குழாயெல்லாம் சுத்தமாக இருந்தும் இதயத் தசையே தடித்துப்போவது உண்டு, தளர்ந்துபோவதும் உண்டு. கார்டியோமயோபதி என்பார்கள். பந்து விளையாடிய பையன் சுருண்டு விழுந்தான் என்று கேள்விப்படுகிறோமே, அத்தகைய சம்பவங்களில் சிலவற்றுக்கு இதுதான் காரணம். நாமோ ‘கண்ணுபட்டுப் போச்சு’ என்று முடித்துவிடுகிறோம்.

இந்த நோயைத் துருவியவர்கள் நமக்குத் தூரத்து ஆட்கள் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அப்போது இதய அறுவை மருத்துவராக இருந்த இரத்தினவேல், ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் வேறு பலரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2009இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்தது. இதயத் தசை சுருங்கி விரிவதை ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்று. சிலருக்கு அதற்கான மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இந்தக் குறை. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கும் என்று கணித்தார்கள்.

அப்படியானால் இளமையில் ஏன் ஒன்றும் தெரிவதில்லை? அரிசி மில் ஊரான புதுவயலில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. உங்கள் மில்லில் அரிசியைத் தரம் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷின் கருப்பரிசியைக் கண்டுபிடித்து ஊதித் தள்ளுகிறதல்லவா? இளம் வயதில் உடலின் செல்களும், இந்தக் குறையால் உண்டாகும் பழுதான புரதத்தை அப்படித்தான் கழித்துவிடுகின்றன. வயதாக ஆக அந்த வேலை மந்தமாகி, பழுது தங்கிப்போகிறது. 2009இல் அவர்கள் தந்த விளக்கம் இது.

அப்போது, ஆறு கோடிப் பேருக்கு ஆபத்து என்று பத்திரிகைகள் கிலி கிளப்பின. 2020இல் வந்த மறு ஆய்வு ஒன்று, அந்த 25 எழுத்துக் குறை மட்டும் இருந்தால் பெரிய ஆபத்தில்லை என்றது. அதே மரபணுவில் இன்னொரு எழுத்து மாற்றமும் சேர்ந்திருக்கும் சிலருக்குத்தான் நோய் வாய்ப்பு அதிகம் என்றது. ‘இவங்க மாத்தி மாத்திச் சொல்வாங்கப்பா’ என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, மாற்றிச் சொல்லத் தயங்குகிறவர்களிடம்தான் பயம்.

மருந்துக்கு வருகிறேன். இதயத் துடிப்பைத் தணிக்கும் பழைய மாத்திரைகள் உண்டு. திடீர் மரண ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி உண்டு. 2022இல் அமெரிக்கா அனுமதித்த மாவாகாம்டென், தடித்த தசை ரத்தத்தின் வழியை மறிக்கும் வகைக்கானது. தசையின் மயோசின் புரதத்தையே பிடித்து, அது மிதமிஞ்சி இழுப்பதைக் குறைக்கிறது. மூலக்கூறைப் புரிந்துகொண்டு செய்த மருந்து.

ஆயா வீட்டு வழியிலோ அப்பத்தா வீட்டு வழியிலோ இளவயதில் யாராவது திடீரென்று போயிருந்தால், அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் தரும் மரபணு மாற்றம் இருந்தால், பெரும்பாலும் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரமாயிற்றே என்று டாக்டரிடம் அந்தச் சாவை மறைக்காதீர்கள். முதல் எக்கோ சரியாக இருந்தாலும், சில வருடம் கழித்து மறுபடி வரச்சொல்வார்கள். போய் வாருங்கள்.